கிரே டிப்போ கட்சி, நார்த் பியர் கட்சி

ஜனவரி 6, செவ்வாய்

பூனேயில் காலை பதினோரு டிகிரி. போசரியில் பேக்டரி போய்ச் சேரும்வரை பனி. ஸ்கூட்டர் ஏழாவது உதையில்தான் கிளம்பியது. கையுறை வாங்க வேண்டும் (மூன்றாவது வருடமாக இதை எழுதுகிறேன்).

மதியம் கதிரிடமிருந்து போன். என் மனைவி உமாவின் தம்பி, இதே ஊரில் கராடியில் சாஃப்ட்வேர் வேலை, வயது நாற்பது. "மச்சான், எங்க அபார்ட்மெண்ட் ஹால் கெடச்சிருச்சுங். பதினெட்டு, ஞாயித்துக்கெழமை, நாலு மணி. எட்டுக் குடும்பம் வருது. இந்த வருசம் பட்டிமன்றத் தலைப்பு நம்மளுது."

அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பொங்கல் முடிந்த ஞாயிறு பட்டிமன்றம் வைப்பது வழக்கம். போன வருடம் "மகிழ்ச்சி தருவது சொந்த ஊரா, பிழைக்க வந்த ஊரா". எல்லோரும் அழுதோம், பிறகு புளியோதரை சாப்பிட்டோம். இந்த வருடம் கதிர் யார் கையைக் காலைப் பிடித்தானோ, தலைப்பு: "பங்க் ராக்குக்குப் பின் வந்த இசையில் பெரிய தடம் பதித்தது கிரே டிப்போவா, நார்த் பியரா?" எங்கள் இருவரைத் தவிர அந்த ஹாலில் ஒருவரும் இந்த இரண்டு இங்கிலாந்து ராக் குழுக்களின் பெயரையும் கேட்டிருக்க மாட்டார்கள். நடுவர் உமா.

"இருவது வருசமா நீங்க ரெண்டு பேரும் கத்தறத அடுப்பங்கரையில நின்னு கேட்டுட்டு இருக்கறேன். என்னைய விட்டா நடுவருக்கு ஆள் ஏதுங்க?" என்றாள்.

பேச்சுக்கு உதவும் என்று எழுதி வைக்கிறேன்:

கி.டி. - லீட்ஸ். எழுபதுகளின் கடைசி. மூன்று ஆண், டிரம்ஸில் ஒரு பெண். கிட்டார் தகரம் வெட்டுகிற மாதிரி. பாடகர் பாடமாட்டார், வாயாடுவார். பாட்டெல்லாம் பஸ் கியூ, ஷிப்ட், வாடகை, குளிர்ந்த சமையலறை. என் கட்சி.

நா.பி. - ஹல் என்னும் துறைமுக ஊர். கிட்டார் சும்மா தொட்டுவிட்டுப் போகும், பேஸ் கிட்டார்தான் பாட்டையே தூக்கிக்கொண்டு நடக்கும். பாடுகிற பெண்ணுக்கு ஆண் மாதிரிக் கனத்த குரல். எல்லாம் மெதுவு. கதிர் கட்சி.

ஒரே வருடம் வந்தவர்கள், ஒரே மேடையில் ஏற மறுத்தவர்கள். நானும் கதிரும் அந்தச் சண்டையை இங்கே தொடர்கிறோம். இதுவரை நான் அவனிடம் ஒரு பாயிண்ட் கூட விட்டுக்கொடுத்ததில்லை.


ஜனவரி 8, வியாழன்

பேக்டரியில் ஆடிட். என் வேலை அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது. மைக்ரோமீட்டர், டயல் கேஜ், எதுவானாலும் மாஸ்டர் என்று ஒரு துண்டு வைத்திருப்போம், அதோடு ஒப்பிட்டுத்தான் முத்திரை. அளவுக்கெல்லாம் அளவு அதுதான். ஆடிட்டர் ஒரு குறைகூடச் சொல்லவில்லை. கேன்டீன் டீ மட்டும் வழக்கம்போல்.

சாயங்காலம் டேப்பை எடுத்தேன். கி.டி.யின் முதல் இசைத்தட்டு, நான்கே பாட்டு. ஹாஸ்டலில் ஒரு சீனியரிடம் இருந்த காசட்டிலிருந்து நான் என் டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டரில் பதிவு செய்தது. உரிமைத் தகராறாம், எந்த ஆப்பிலும் இந்த நான்கு மட்டும் கிடையாது. பின்னால் வந்த ஆல்பங்கள் கிடைக்கும், அவை வேறு.

பேச்சுக் குறிப்பு:

- இடைவெளி. எங்கே வாசிக்கக் கூடாது என்று தெரிந்தவர்கள். இன்றைக்கு லண்டனில் பேசிக்கொண்டே பாடுகிற பையன்கள் எல்லோரும் இவர்கள் வீட்டுச் சோறு தின்றவர்கள்.
- டிரம்ஸ் பெண். வலது கையைத் தனியாகக் கவனி. அலட்டல் இல்லை, அடி மட்டும்.
- தாக்கம் என்றால் என்ன? கேட்டவன் எழுந்துபோய் ஒரு வாத்தியத்தைக் கையில் எடுக்க வேண்டும். அதுதான் தாக்கம். (நல்ல வரி. இதில்தான் ஆரம்பிக்க வேண்டும்.)
- துருப்புச் சீட்டு: வேகம். நான்கு பாட்டும் முந்தியதைவிடக் கொஞ்சம் கொஞ்சம் வேகம். காதுக்குத் தெரியாத அளவில் ஏறி, நாலாவது பாட்டில் நெஞ்சு படபடக்கும். ஒரு தட்டையே ஒரே ஏற்றமாகக் கட்டியவர்கள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நா.பி.க்கு இதற்குப் பதிலே கிடையாது.

உமா எட்டிப் பார்த்து: "நாலாவது வந்தாச்சா? அப்ப சாதம் வெந்திருக்கும்." அவளுக்கு அது கடிகாரம்.


ஜனவரி 10, சனி

கதிர் பொங்கல் சீரோடு வந்தான். அக்காவுக்குப் புடவை, பச்சரிசி, வெல்லம், இரண்டு கரும்பு. கராடியிலிருந்து காரின் ஜன்னல் வழியே கரும்பை நீட்டிக்கொண்டே வந்திருக்கிறான். சிக்னலில் ஒருத்தர் விலை கேட்டாராம்.

பிறகு பையிலிருந்து இன்னொன்று. "இது மச்சானுக்குச் சீரு."

கி.டி. தட்டு. அந்த நான்கு பாட்டுத் தட்டு. அசல், அந்தக் காலத்து அச்சு. அவனுடைய டீமில் ஒருவர் லீட்ஸ் போயிருந்தார், இவன் மூன்று மாதம் நச்சரித்து ஒரு பழைய கடையில் வாங்க வைத்திருக்கிறான். உறை ஓரம் நைந்திருக்கிறது. சாம்பல் நிறத்தில் பஸ் ஷெட் படம். இருபத்தெட்டு வருடம் ஜெராக்ஸில் மட்டும் பார்த்த படம். கையைத் துடைத்துக்கொண்டுதான் வாங்கினேன்.

"எதிர்க்கட்சிக்கு நீயே ஆயுதம் எடுத்துக் கொடுக்கிறயேடா மாப்ள?"

"அன்னிக்கு ஹால்ல நாலாவது பாட்டப் போட்டுட்டுத்தான் பேச்சு ஆரம்பிக்கோணும். டர்ன்டேபிள் மட்டும் ஏற்பாடு பண்ணுங். நானும் இதக் கேட்டு நெம்ப வருசமாச்சு."

அவன் கேட்காமல் போனதற்குக் காரணம் உண்டு. அதை இங்கே எழுதத் தோன்றவில்லை.


ஜனவரி 11, ஞாயிறு

கசார்வாடி. ஜாதவின் பட்டறை. மோட்டார் காயில் கட்டுவது தொழில், பழைய டர்ன்டேபிள் பழுது பார்ப்பது பைத்தியம். தட்டை அவர் விளிம்பில் மட்டும் பிடித்தார், அதிலேயே ஆள் தெரிந்தது.

முதல் பாட்டு. அப்படி ஒரு தெளிவு. டிரம்ஸ் பெண் எண்ணுவது கேட்கிறது! டேப்பில் அது வெறும் இரைச்சல். இரண்டாவது பாட்டு, ஏதோ சரியில்லை. மூன்றாவதில் எழுந்துவிட்டேன். நாலாவது பாட்டில் படபடப்பே இல்லை. நிதானமாக, அழுத்தமாக, கால் ஊன்றி நடக்கிறது. ஸ்ருதியும் கீழே.

டேபிள் மெதுவாகச் சுற்றுகிறது என்றேன். ஜாதவ் கோபிக்கவில்லை. விளக்கடியில் டேபிளின் சுழலும் வட்டின் ஓரப் புள்ளிகளைக் காட்டினார். வேகம் சரியென்றால் புள்ளிகள் அசையாமல் நிற்கும். நின்றன.

பையில் டேப் இருந்தது. அவருடைய டெக்கில் போட்டோம். முதல் பாட்டில் தட்டுக்கும் டேப்புக்கும் நாலு விநாடி வித்தியாசம். இரண்டாவதில் ஏழு. மூன்றாவதில் பத்து. நாலாவது: தட்டு 3:58, டேப் 3:43.

ஜாதவ் சிரித்தார். "சாஹேப், ரிகார்ட் கர்தே டைம் பேட்டரி கம்ஸோர் தா." பதிவு செய்யும்போது பேட்டரி செத்துக்கொண்டிருந்திருக்கிறது. மோட்டார் சோர்ந்து ஓடும்போது பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் பாட்டு வேகமாக ஓடும். பேட்டரி சாகச் சாக, அடுத்தடுத்த பாட்டு இன்னும் வேகம்.

ஹாஸ்டல் அறையில் பிளக் கிடையாது. வார்டன் உத்தரவு. நான்கு தடி பேட்டரி, ஆறு மாதப் பழசு. வெயிலில் காயவைத்துப் போட்டேன், நன்றாக நினைவிருக்கிறது.

ஆக, அந்த ஏற்றம், நான் முப்பது பேரிடம் விளக்கிய அந்த மேதைமை, பேட்டரியுடையது. வீட்டுக்கு வந்து உமாவிடம் தலைவலி என்றேன்.


ஜனவரி 12, திங்கள்

நம்ப மனமில்லை. பேக்டரியிலிருந்து சுழல் வேகம் அளக்கிற டாக்கோமீட்டரை எடுத்துக்கொண்டு (ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுத்தான்) மாலை மறுபடி கசார்வாடி. நிமிடத்துக்கு 45 சுற்று இருக்க வேண்டும், 45.0. ஜாதவ் எனக்கு டீ கொடுத்தார், துக்க வீட்டுக்காரனுக்குக் கொடுக்கிற மாதிரி.

பட்டிமன்றத்தில் தோற்பது பெரிதில்லை. எழுதத் தோன்றவில்லை என்று சனிக்கிழமை எழுதினேனே, அதுதான் பெரிது. இப்போது எழுதியாக வேண்டும்.

அப்போது கதிருக்குப் பத்தொன்பது வயது. கோயம்புத்தூரில் படிப்பு. செகண்ட்ஹேண்ட் பேஸ் கிட்டார் ஒன்று வைத்திருந்தான். நண்பர்கள் நாலு பேர் சென்னைக்குப் போய் ஒரு குழுவாக வாசிப்பதாகத் திட்டம், வீட்டில் எதிர்ப்பு. "மச்சான் சரின்னா சரி" என்று மாமனார் என் தலையில் கட்டினார். குடும்பத்திலேயே இந்த இசை தெரிந்தவன் நான்தான். கதிர் லீவில் பூனே வந்தான். கூடத்தில் உட்கார்ந்து கி.டி.யின் நாலாவது பாட்டைத் தனியாக, டிரம்ஸ் கூட இல்லாமல், முழுசாக வாசித்தான். அவன் கேட்டுப் படித்தது அவன் காலேஜில் யாரிடமோ இருந்த வேறு பிரதி.

பழைய டைரியைப் பரணிலிருந்து இறக்கினேன். என் கையெழுத்து:

"கதிர் வாசித்தான். 3:57. டேப் 3:43. பதினான்கு விநாடி பின். இழுக்கிறான். காலப்பிரமாணம் இல்லை. சொல்லிவிட்டேன்."

அவ்வளவுதான். கடையில் வாங்கி வந்த சாமானை எழுதுகிற மாதிரி.

அன்றைக்கு அவன் சொன்னான்: "உங்க டேப்புல ஸ்ருதி எங்கயும் சேரலீங் மச்சான், ரெண்டு கட்டைக்கு நடுவுல நிக்குது." ஸ்டாப்வாட்சை அவன் முகத்துக்கு நேரே பிடித்து, "இது பொய் சொல்லுமா?" என்றேன். சென்னைத் திட்டம் அதோடு போயிற்று, ஊர் போன மாதமே பேஸை விற்றுவிட்டான்.

3:57. தட்டு 3:58. துணையே இல்லாமல், ஒற்றை பேஸில், நாலு நிமிடத்துக்கு ஒரு விநாடி வித்தியாசம். அந்த மாதிரிக் கை எத்தனை பேருக்கு வாய்க்கும்? வருடம் பூராவும் மாஸ்டரைச் சரிபார் என்று ஊருக்குச் சொல்கிற நான் என் மாஸ்டரைச் சரிபார்க்கவே இல்லை. வெட்கமாக இருக்கிறது.


ஜனவரி 13, செவ்வாய்

காலை டிபன் நேரத்தில் உமாவிடம் சொல்லிவிட்டேன். டைரியையும் காட்டினேன். தோசைக் கரண்டியோடு நின்று படித்தாள். தோசை கருகியது.

"அப்ப நான் ஊருக்குப் போயிருந்தேன்ல, அவன் பொட்டியில இருந்து அதை எடுத்துட்டுப் போயி விக்கறப்ப நான் கூட இருந்தேனுங்க. கடைக்காரன் வாசிச்சுக் காட்டச் சொன்னான். மாட்டேன்னுட்டான்."

இதை அவள் இதுவரை என்னிடம் சொன்னதில்லை.

"அவன்கிட்டச் சொல்லணுமா?" என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

"நான் நடுவருங்க. ஒரு கட்சிக்கு யோசனை சொல்லக் கூடாது."

கிண்டலா, கோபமா, கண்டுபிடிக்க முடியவில்லை. ஸ்கூட்டர் இன்று முதல் உதையிலேயே கிளம்பிவிட்டது, அதுவும் என்னை வீட்டைவிட்டு அனுப்பத்தான் பார்க்கிறது.


ஜனவரி 15, வியாழன். பொங்கல்

லீவு போட்டேன் (கம்பெனி சங்கராந்திக்கு நேற்றே விட்டுவிட்டது). பால்கனியில் குக்கர் வேண்டாம், பானைதான் என்று உமா. எதிர்வீட்டு மராட்டிக்காரம்மா எள்ளுருண்டை கொண்டுவந்தார், "தில்குள் க்யா, கோட் கோட் போலா". எள்ளுருண்டை வாங்கிக்கொள், இனிப்பாகப் பேசு. எனக்கு இன்று அதுகூட உறைத்தது.

பதினொரு மணிக்குக் கதிர். சர்க்கரைப் பொங்கல் மூன்று தடவை போட்டுக்கொண்டான். அவன் பேச்செல்லாம் ஞாயிற்றுக்கிழமை பற்றித்தான்.

"தட்டக் கேட்டீங்ளா மச்சான்? எப்புடி இருக்குது?"

"ம். நல்லா இருக்கு."

"அவ்ளோதானா? ரெண்டு மணி நேரம் பேசுவீங்கன்னு நெனச்சேன். டேபிள் கெடச்சுதா?"

"ஜாதவோட டேபிள்ல பெல்ட் அறுந்துபோச்சு."

நாக்கு அதுவாகச் சொல்லிவிட்டது. உமா கரும்பு நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி ஒரு நொடி நின்றது. கதிரின் முகம் வாடிவிட்டது. "பரவால்லீங். நோம்பிக்கு இந்தத் தட்டு கைக்கு வந்ததே போதும்."

நோம்பி நாளில் பொய் சொன்னவன் என்று என்னைப் பற்றி நானே எழுத வேண்டியிருக்கிறது.


ஜனவரி 16, வெள்ளி

மாட்டுப் பொங்கல். பூனேயில் மாடு ரோட்டின் நடுவே, பொங்கல் இல்லாமல்.

மதியம் கேன்டீனில் உட்காராமல் ஹெட்போனோடு காம்பவுண்டு ஓரம் நடந்தேன். நா.பி.யின் முதல் ஆல்பம், முழுசாக. இருபது வருடத்தில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், எல்லாம் குற்றம் கண்டுபிடிக்க. இன்று சும்மா கேட்டேன்.

அற்புதம். வேறு வார்த்தை இல்லை. பேஸ் மேல் கட்டையில் ஏறி ராகம் பாடுகிறது, கிட்டார் அதற்கு வழிவிட்டு ஓரமாக நிற்கிறது. அந்தப் பெண் குரலை உயர்த்தவே இல்லை. மூன்றாவது பாட்டின் நடுவே எல்லாம் நின்று பேஸ் மட்டும் எட்டு சுற்று நடக்கும், அங்கே நான் காம்பவுண்டு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். வாட்ச்மேன், "தபியத் டீக் ஹை, சாப்?" உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றேன்.

அதன் பிறகு வந்த எத்தனை குழுக்கள் இந்த மெதுவில் கடன் வாங்கியிருக்கின்றன. சினிமாப் பாட்டில்கூட இந்த மேல் கட்டை பேஸ் வருகிறது, போட்டவருக்கே எங்கிருந்து வந்தது என்று தெரியாது. கதிர் இதைத்தான் சொல்வான், "யாருகிட்ட இருந்து எடுத்தோம்னே தெரியாம எடுக்கறாங்க பாருங், அதுதான் மச்சான் தாக்கம்." நான் கேட்டதே இல்லை.

டேபிள் விஷயம்: ஜாதவிடம் சொல்லியாயிற்று. ஞாயிறு கொண்டுபோகிறேன்.


ஜனவரி 18, ஞாயிறு

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

நாலு மணிக்கு ஆரம்பிக்க வேண்டியது நாலே முக்காலுக்கு. முப்பது பேர் இருப்பார்கள். பின்வரிசையில் இரண்டு மாமிகள், "என்ன பேண்டு, கல்யாண பேண்டா?" டேபிளைப் பார்த்ததும் கதிர் ஓடி வந்தான். "பெல்ட் சரியாயிருச்சுங்ளா!" முதலில் பேசு, பாட்டு அப்புறம் என்றேன்.

உமா பட்டுப் புடவையில் நடுவில். மணி அடித்தாள் (பூஜை மணி).

கதிர் நன்றாகப் பேசினான், மிக நன்றாக. இசை தெரியாத கூட்டத்தை எப்படிப் பிடிப்பது என்று தெரிந்திருந்தது. நா.பி.யின் பேஸைப் பற்றி, "வீட்டுல சத்தமே போடாம எல்லாத்தையும் தாங்கற ஆளு ஒருத்தரு இருப்பாங்கள்ல, அவங்க வாயைத் தொறந்தா எப்புடி இருக்கும்?" என்றான். மாமிகள் தலையாட்டினார்கள். கி.டி.யையும் விட்டுக்கொடுக்கவில்லை. "எதிரணி பேண்டு சாதாரணம் கிடையாது. உண்மையச் சொல்லோணும்னா எனக்கு முதல்ல புடிச்சதே அதுதான். நாலு பாட்டும் ஏறிக்கிட்டே போகும்னு மச்சான் சொல்லுவாரு. என்னால அந்த வேகத்துக்கு ஏற முடியல. மச்சான் வாட்சப் புடிச்சுப் பாத்துட்டு, நீ இழுக்கறடான்னாரு. அதான் நார்த் பியர் பக்கம் ஒதுங்கிட்டேன். மெதுவா இருக்கற எடத்துல யாரும் நம்மள மெதுவுன்னு சொல்ல மாட்டாங்க பாருங்க!"

ஹால் முழுக்கச் சிரிப்பு. அவனும் சிரித்தான்.

நான் எழுந்தேன். கையில் எட்டாம் தேதிக் குறிப்பு. முதல் வரி, "கேட்டவன் எழுந்துபோய் ஒரு வாத்தியத்தைக் கையில் எடுக்க வேண்டும்." வாசிக்க முடியவில்லை. காகிதத்தை மடித்துவிட்டேன்.

நாலாவது பாட்டைத் தட்டில் போட்டேன். முழுசாக. பாதியிலேயே கதிர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். அவனுடைய இடது கை விரல்கள் முழங்காலில் அசைந்தன. பாட்டு போகிற இடத்துக்கு ஒரு கணம் முன்னாலேயே போய் நின்றன. அவனுக்கு எல்லாம் நினைவிருக்கிறது.

பாட்டு முடிந்ததும் சொன்னேன். பேட்டரி, டேப், விநாடிக் கணக்கு, பழைய டைரி. இலக்கணமாகப் பேச வரவில்லை. கடைசியாக, "மாப்ள, நீ அன்னைக்கு மூணு அம்பத்தேழு. தட்டு மூணு அம்பத்தெட்டு. நீ இழுக்கல. என் டேப்புதான் ஓடுச்சு. நான் சொன்னது தப்பு. உன் பேஸு போனது என்னால" என்றேன்.

யாரோ கைதட்ட ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார்கள்.

கதிர் எழுந்திருக்கவில்லை. முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, எடுத்து வைக்க மறந்த மாதிரி. பிறகு என்னைப் பார்க்காமல், டேபிளைப் பார்த்து, மெதுவாகச் சொன்னான்: "மச்சான், நான் மெதுவான ஆளுன்னு நம்பிப்போட்டேன். பாட்டுல மட்டுமில்லீங். எல்லாத்துலயும்."

தட்டை எடுத்து உறையில் போட்டேன்.

உமா தீர்ப்பு சொல்ல எழுந்தாள். "ரெண்டு பக்கமும் சரின்னு சொல்றதுதான் நடுவருங்க வழக்கம். நான் சொல்ல மாட்டேன். செத்த பேட்டரியில பதிஞ்சும் ஒரு மனுசன் இருபத்தெட்டு வருசம் மயங்கிக் கெடந்திருக்கறாரு. நேரான வேகத்துல கேட்டா அதைவிட நல்லா இருக்குது. அப்ப அது பெரிய பேண்டுதான். கிரே டிப்போ ஜெயிச்சுது." பிறகு என்னைப் பார்த்து, "பேண்டுதான் ஜெயிச்சுது. இவரு இல்ல."

சாப்பாட்டுக்கு முன்பே கதிர் கிளம்பிவிட்டான். அவன் வீடு அதே அபார்ட்மெண்ட்டில், மூன்றாவது மாடி. லிப்ட்டுக்குக் காத்திருக்காமல் படியேறிப் போனான். புளியோதரை நன்றாக இருந்ததாம். நான் சாப்பிடவில்லை.


ஜனவரி 19, திங்கள்

குளிர் விட்டுவிட்டது. டாக்கோமீட்டரைத் திருப்பிக் கொடுத்து ரிஜிஸ்டரில் கையெழுத்து. டேபிள் ஜாதவிடம் போயிற்று. "ஜீத் கயே?" ஜெயித்தீர்களா என்றார். பேண்டு ஜெயித்தது என்றேன்.

கதிருக்கு இரண்டு தடவை போன். எடுக்கவில்லை.

உமா: "சொல்லிப்போட்டா எல்லாம் சரியாயிரும்னு நெனச்சீங்ளா? உங்களுக்குப் பாரம் எறங்கிருச்சு. அவனுக்கு இப்பத்தான ஏறியிருக்குது. விடுங்க, கொஞ்ச நாள் சொமக்கட்டும்."

நியாயம்தான். கசக்கிறது.


ஜனவரி 20, செவ்வாய்

பேக்டரியில் ஒரு டயல் கேஜ் விழுந்து உடைந்தது. பால் பாக்கெட், கொத்தமல்லி, உமாவுக்கு பி.பி. மாத்திரை.

தட்டைக் கேட்க ஆசை, டேபிள் இல்லை. டேப்பைப் போட மனமில்லை. நா.பி. கேட்டேன், மூன்றாவது பாட்டு, நாலு தடவை. இவ்வளவு நல்ல இசையைக் கதிர் ஒளிந்துகொள்ள ஓர் இடமாகத் தேடிப் போனான் என்பதை நினைத்தால் அவன் ரசனைக்கு வணக்கம் போடத் தோன்றுகிறது. ஒளிவதற்குக்கூட அவன் நல்ல இடமாகத்தான் பார்த்திருக்கிறான்.

போன் இல்லை.


ஜனவரி 21, புதன்

காலை ஷிப்ட். மதியம் 1:10-க்குக் கதிரிடமிருந்து மெசேஜ். அப்படியே எழுதுகிறேன்:

"மச்சான், உங்க மேல கோவமாத்தான் இருக்கறேன். ஞாயித்துக்கெழமை சாப்பாட்டுக்கு வர்றேன். அப்பவும் கோவமாத்தான் இருப்பேன். அக்காகிட்டச் சொல்லிருங்க, எனக்கும் சேத்து அரிசி போடட்டும்."